‘ஆமாங்க’வுக்குப் பிறகு

அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுதப் போவதில்லை. மூன்று மாதம் என் கடையில் உட்கார்ந்து நோட்டு நோட்டாக எழுதியவர், அதில் ஒருவர் பெயரைக்கூட எழுதவில்லை. அவருடைய கணக்கில் நான் ‘கடை மூன்று’. கடை ஒன்றும் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பலகையில்தான் ஜெராக்ஸ். பிழைப்பு நடப்பது வேறு இரண்டு வேலைகளில். வருடம் முழுக்க வீட்டு வாடகை ஒப்பந்தம் அடித்துக் கொடுப்பேன். கோடை வந்துவிட்டால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம், அதற்குப் பிறகு பொறியியல் கலந்தாய்வுக்கு எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்து என்று விருப்பப் பட்டியல் போட்டுக் கொடுப்பது. இந்த இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே நடப்பதால்தான் அவர் என் கடையைத் தேடி வந்தார். பிள்ளைகள் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், படிக்க வரும் இடத்தில் வீடு கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் தேர்வே மாறிப்போகிறதா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பதில் என்னிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் ஒரு தாளை நீட்டினார். ஆராய்ச்சிக்கு நான் சம்மதிக்கிறேன் என்பதற்கான தாள். நான் பேனாவைத் திறந்தேன்.

“வாசிச்சுப்போட்டுப் போடுங்க” என்றார்.

“உங்களைப் பாத்தாத் தெரியாதுங்களா? பரவால்லைங்க.”

“என்னையப் பாக்க வேண்டாமுங்க. தாளைப் பாருங்க. கொஞ்சம் சத்தமாவே வாசிங்க.”

பத்து வருடமாக ‘இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு’ என்று மற்றவர்களுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருப்பவன் நான். பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்று வாசித்தேன். எப்போது வேண்டுமானாலும் எழுத வேண்டாம் என்று நான் சொல்லலாம்; கடையில் நடப்பதோடு நான் செய்வதும் பதிவாகும். கடைசி வரியை வேகமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வயது ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அவிநாசிப் பக்கத்துக்காரர். நூல் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். பேனா தொட மாட்டார், பென்சில்தான். அதையும் ஷார்ப்பனரில் சீவாமல் பிளேடால் சீவுவார். ஆராய்ச்சி செய்கிற இடத்தில் யார் வாங்கிக் கொடுத்தாலும் டீ குடிக்க மாட்டார். டீக்கடைப் பையன் வந்தால் தன் டம்ளருக்குத் தானே காசு கொடுத்துவிடுவார். என் அம்மா ஒருநாள் பணியாரம் சுட்டுக் கொடுத்தனுப்பினாள். “வாசம் நல்லா இருக்குதுங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு அதில் தீராத வருத்தம்.

இதெல்லாம் சில்லறை விஷயங்கள். அவரை நான் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான். அந்த அம்மா காத்திருப்பார்.

எங்கள் பக்கத்துப் பேச்சு வெளியூர்க்காரர்களுக்கு இனிப்பாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு ‘ங்க’ போடுவோம். எதைக் கேட்டாலும் முதலில் ‘ஆமாங்க’ என்போம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். நீங்கள் பேசுவது காதில் விழுகிறது என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. சர்வே எடுக்க வருகிற காலேஜ் பையன்கள் அந்த ஆமாங்கவை அப்படியே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஊரில் எடுத்த சர்வே எல்லாவற்றிலும் எல்லோருக்கும் எல்லாமே நன்றாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

அந்த அம்மா இதே மண்ணில் பிறந்தவர். ஆமாங்கவைக் கேட்டதும் தலையை ஆட்டுவார். எழுத மாட்டார். பென்சிலைத் தாளில் வைத்தபடி எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். முறைப்பு கிடையாது, சிரிப்பும் கிடையாது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் பார்க்கிற பார்வை. மின்விசிறி சுற்றும். ஜெராக்ஸ் மிஷின் இரண்டு தாளைத் துப்பும். எதிரில் இருப்பவருக்குத் தாங்காது. ஏதாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும் என்று தோன்றும். அப்படி நிரப்பப் போய் வாயில் வருவதுதான் உண்மை. அப்போதுதான் பென்சில் ஓடும்.

ஒரு வீட்டுக்காரர் ஒப்பந்தம் அடிக்க வந்தார். பக்கத்து வீதியில் ஆறு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். அந்த அம்மா அவரிடம், “ஏனுங்க, யாருக்கு ஊடு குடுக்கறதில்லைன்னு ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா?” என்று கேட்டார்.

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. யாரு வந்தாலும் குடுக்கறதுதானுங்க.”

பென்சில் அசையவில்லை.

“சைவமா இருந்தாக் கொஞ்சம் நல்லதுங்க.”

மின்விசிறி சுற்றியது.

“நாங்க திங்காததுங்களா? ஞாயித்துக்கெழமை எங்கூட்டுலயும் கறிதான். ஆனா பாருங்க, குடியிருக்கறவங்க நம்ம ஆளுகளா இருந்தா ஒரு மரியாதைங்க. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா வந்து போறவங்க என்ன சொல்லுவாங்க?”

பென்சில் ஓடியது. அந்த மனிதர் போனதும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “கறிலயிருந்து சாதிக்கு மூணே படில எறங்கீட்டாருங்க” என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. என்னையும் அதே பஸ் பார்வை பார்த்தார். நான் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

இன்னொரு நாள் நான் அடித்து வைத்திருந்த ஒப்பந்தம் ஒன்றை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்தார். புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, அதற்கான அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் இன்னும் பழையபடி பதினொரு மாதத்துக்குப் பத்திரத்தாளில் அடித்து வீட்டில் வைத்துக்கொள்கிறோம். அதைத்தான் குறை சொல்லப் போகிறார் என்று தயாராக இருந்தேன்.

“இதுல சாதி கேக்கற எடமே இல்லீங்களே” என்றார்.

“சட்டத்துல அதெல்லாம் கேக்கக் கூடாதுங்க” என்றேன், சட்டத்தை நானே எழுதியது போல.

“இங்க ஒப்பந்தம் அடிக்க வர்றவங்கல்லாம் ஊடு கெடைச்சவங்கதானுங்க?”

“ஆமாங்க.”

அன்றைக்கு எனக்கு வேலை இருந்தது. நான் எழுந்து போய் மிஷினில் தாள் போட்டேன். வீடு கிடைக்காதவர்கள் என் கடைக்கு வருவதே இல்லை, அவர்கள் கதை பத்திரத்தாள் வாங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பிள்ளைகளிடமும் இப்படித்தான். நல்ல மார்க் வாங்கிய பையன் ஒருவன் சுமாரான கல்லூரி ஒன்றை முதல் இடத்தில் போடச் சொன்னான். ஏன் என்று கேட்டார். நல்ல காலேஜுங்க என்றான். காத்திருந்தார். அப்பா சொன்னாருங்க என்றான். மேலும் காத்திருந்தார். “ஊட்டு வாசல்லயே அவுங்க பஸ் வருதுங்க” என்றான். அதை எழுதிக்கொண்டார். அந்தக் கோடையில் என் கடைக்கு வந்த பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது கல்லூரியையா பஸ்ஸையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இதற்கு முன்பு பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் வேலை பார்த்தாராம். ஒரு பிள்ளை ஒரு வார்த்தையில் தடுக்கி நின்றால் பக்கத்தில் நிற்கும் டீச்சருக்குப் பொறுக்காதாம். உதடு அசைத்தாவது சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். “அவுங்களை வெளிய நிக்கச் சொல்லிருவனுங்க. சொல்லிக் குடுத்துப்போட்டா அது புள்ள வாசிச்சது ஆகாதுங்களே” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குணத்தின் இன்னொரு பக்கத்தையும் நான் பார்த்தேன்.

ஒரு தாய் வந்தாள். பெண்ணுக்கு நர்ஸிங்கா பி.காமா என்று தெரியவில்லை. எனக்கு இந்த மிஷினைத் தவிர ஒன்றும் தெரியாது என்று அவளே முடிவு செய்துகொண்டு, மூலையில் நோட்டோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம் போனாள்.

“படிச்சவங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மணி. நான் அதையே போட்டுடறேன்.”

“நான் சொல்லறதுக்கு வரலைங்க. நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு கேட்டுக்கத்தான் வந்தனுங்க.”

“நான் நெனைக்கத் தெரியாமத்தானுங்க கேக்கறேன்.”

அந்த அம்மா பென்சிலைத் தாளில் வைத்துக் காத்திருந்தார். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கல் நெஞ்சு என்று நினைத்தேன். கேட்டும்விட்டேன்.

“ரெண்டு வார்த்தை சொன்னா என்னங்க கொறைஞ்சுபோகுது?”

“நான் நர்ஸிங்குன்னு சொன்னா அந்தம்மா நர்ஸிங்குதான் போடுவாங்க. அப்புறம் இந்தப் பக்கத்துத் தாய்மாருக்கு நர்ஸிங்கு பிடிக்குதுன்னு நான் எழுதுவேன். அது யாரு விருப்பமுங்க?”

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருப்பவர்களோடு ஒரே அறையில் இருப்பது எவ்வளவு சிரமம் என்று அந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் என் மாடிக்குப் போவார். கடைக்குப் பின்னால் நானும் அம்மாவும் மனைவியும் இருக்கும் எங்கள் வீடு. மேலே தனிப் படிக்கட்டோடு ஒரு போர்ஷன்; ஒரு அறை, சமையலறை, குளியலறை. அதில் இருந்த பாங்க்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். நல்ல ஆளாக வரட்டும் என்று பூட்டி வைத்திருந்தேன். கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் வருகிறவர்களுக்குச் சங்கடம் என்று அந்த அம்மா வெயிலில் பஸ் நிலையத்துக்கு நடப்பதைப் பார்த்து, மாடிச் சாவியைக் கொடுத்தேன். பணியாரத்தை மறுத்தவர், ரொம்ப யோசித்துச் சாவியை வாங்கிக்கொண்டார். தயிர்ச் சோறும் மாங்காய் ஊறுகாயும். சாப்பிட்டு முடித்து அறையைக் கூட்டிவிட்டுத்தான் வருவார்.

விருப்பப் பட்டியல் போட அது கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். மூன்று மணி வாக்கில் ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும் வந்தார்கள். தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஊர். எங்கள் பக்கம் இருக்கும் ஒரு பழைய கல்லூரியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காலையிலேயே கிளம்பி வந்திருக்கிறார்கள். பார்த்தாகிவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்திலேயே தெரிந்தது, பிடித்துவிட்டது என்று. ஃபீஸ் குறைந்த, நல்ல பெயர் உள்ள கல்லூரி. அவள் மார்க்குக்கு அங்கே இடம் நிச்சயம்.

“இதை மொத எடத்துல போடுங்கண்ணா” என்றாள். போட்டேன். அவளுடைய ஊருக்குப் பக்கத்தில் புதிதாக வந்த தனியார் கல்லூரி ஒன்றை இரண்டாவதாகப் போடச் சொன்னாள். அதையும் போட்டேன்.

மூலையிலிருந்து அந்த அம்மா கேட்டார். “கண்ணு, தெனமும் எப்படி வருவே?”

“வர முடியாதுங்க. லேப் முடிய அஞ்சு ஆயிருமாம். ரெண்டு பஸ் மாறி எங்கூருக்குப் போறதுக்குள்ள இருட்டீரும். பஸ்ஸை விட்டு எறங்கித் தோப்பு வழியா நடக்கோணுமுங்க. இப்ப பொழுது சாஞ்சாலே யானை வந்துருது.”

“ஹாஸ்டல்?”

“இதே மாவட்டத்துக்காரங்களுக்குக் கடைசிலதான் குடுப்பாங்களாம். கெடைக்காதுன்னே சொல்லீட்டாங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, இங்க பக்கத்துல சின்னதா ஒரு ரூம் இருந்தாப் போதுமுங்க. எங்கம்மாவும் நானும் இருந்துக்குவோம். அம்மா இங்க ஏதாச்சும் மில்லு வேலைக்கு வாரேங்கறாங்க. ரூம் இருக்குதுங்களா?”

ஊரில் வீடு வாடகைக்குத் தேடுகிறவர்கள் பாதிப் பேர் என்னிடம்தான் கேட்பார்கள். ஒப்பந்தம் அடிக்கிறவனுக்கு எந்த வீடு காலி என்று தெரியும். நானும் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

“அங்க யாரு தோட்டத்துலீங்க இருக்கறீங்க?”

அப்பா தோட்டக்காரர் பெயரைச் சொன்னார்.

“தோட்டத்துக்குள்ளயேங்களா?”

“இல்லீங்க” என்றார் அவர். குரல் கொஞ்சம் தணிந்தது. “காலனில ஊடு இருக்குதுங்க.”

அவ்வளவுதான் கேள்வி. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் கேட்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

“இப்பத்திக்கு ஒண்ணும் காலி இல்லீங்களே அம்மணி” என்றேன். “இருந்தாக் கண்டிப்பாச் சொல்றேன்.”

அப்பாவின் போன் நம்பரை ஒரு தாளில் வேறு எழுதி வைத்துக்கொண்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னார். பெண் கம்ப்யூட்டர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அப்ப ரெண்டாவது இருக்கறதை மேல போட்டுருங்கண்ணா.”

போட்டேன். அவர்கள் போன் நம்பருக்கு ஓ.டி.பி. வந்தது. அவள் சொன்னாள், நான் அடித்தேன், பட்டியல் மாறிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்கள். மணி நான்கு ஆகவில்லை.

மூலையில் பென்சில் சத்தமே இல்லை. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் மேஜையில் கிடந்த தாள்களை அடுக்கினேன். அடுக்கிய தாள்களையே மறுபடியும் அடுக்கினேன்.

“ஏனுங்க,” என்றார் அந்த அம்மா. “மாடி காலியாத்தானுங்களே இருக்குது?”

“ஆமாங்க” என்றேன்.

அவர் காத்திருந்தார்.

மூன்று மாதமாக எத்தனையோ பேர் அந்த நாற்காலிக்கு எதிரில் நெளிவதைப் பார்த்துச் சிரித்தவன் நான். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“எங்கம்மாவுக்கு வயசாயிருச்சுங்க. படில ஆளுக ஏறி எறங்கிக்கிட்டு இருந்தா அவுங்களுக்கு ஆகாது.”

மின்விசிறி சுற்றியது.

“ரெண்டு பொம்பளைக தனியா இருக்கறதுன்னா நாமதான் பொறுப்புங்க. நாளைக்கு ஒண்ணுன்னா?”

ஜெராக்ஸ் மிஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் அப்படியெல்லாம் பாக்கறவன் இல்லீங்க. சொந்தக்காரங்க வந்து போற ஊடு பாருங்க.”

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கோபமாவது இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

“காலனின்னாங்க” என்றேன்.

சொன்ன பிறகு என் காதிலேயே அது கேட்டது. சுற்றி வளைக்காமல் சொன்னால் சாதிதான். அந்த ஆறு போர்ஷன்காரர் மூன்று படியில் இறங்கிய இடத்துக்கு நான் நான்கு படியில் இறங்கியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவராவது வீடு தர மாட்டேன் என்று நினைத்ததோடு சரி. நான் வீடே இல்லை என்று சொல்லி, ஒரு பெண்ணின் கல்லூரியை என் கையாலேயே கீழே இறக்கிப் போட்டிருந்தேன். இவ்வளவுக்கும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த அம்மா எழுந்தார். பையிலிருந்து மாடிச் சாவியை எடுத்தார். என் மேஜை மேல், கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார். நோட்டு மூடியே இருந்தது.

மணி நான்கு பத்து. பட்டியலை நானாக மாற்ற முடியாது. ஓ.டி.பி. அவர்கள் போனுக்குத்தான் போகும். அதனால் பேசித்தான் ஆக வேண்டும். தாளில் எழுதி வைத்திருந்த நம்பரை அழுத்தினேன். அப்பா எடுத்தார். பஸ் சத்தம் கேட்டது.

“ஒரு ஊடு இருக்குதுங்க” என்றேன்.

“அப்படீங்களா? ரொம்ப சந்தோசமுங்க. எங்கீங்க?”

“கடைக்கு மேலயேதானுங்க. எம்பட ஊடுதான்.”

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. கண்டக்டர் யாரையோ உள்ளே நகரச் சொல்வது கேட்டது. அவரும் காத்திருக்கத் தெரிந்தவராகத்தான் இருந்தார். அல்லது அவருக்கு வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம்.

“இப்பத்தானுங்க காலி இல்லைன்னீங்க?”

மேஜை மேல் கிடந்த சாவியை நகர்த்தி வைத்தேன்.

“சரிங்க, பரவால்லைங்க” என்றார் அவரே, என்னைக் காப்பாற்றுகிற மாதிரி. “புள்ளைகிட்டப் பேசுங்க.”

போன் கை மாறியது. நான் அவசர அவசரமாகச் சொன்னேன்: இன்னும் நேரம் இருக்கிறது, கல்லூரியை மறுபடி மேலே போட்டுவிடலாம், அட்வான்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். அவள் முழுக்கக் கேட்டாள்.

“காலேஜை மாத்திப் போடுங்கண்ணா. ஓ.டி.பி. வந்தாச் சொல்றேன்.”

வந்தது. பஸ் இரைச்சலுக்கு மேல் ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் அடித்தேன். பழைய கல்லூரி மேலே போனது. இனி மாறாதபடி பட்டியலைப் பூட்டினேன்.

“ஆச்சு அம்மணி. ஊட்டை என்னைக்கு வந்து பாக்கறீங்க?”

“ஊடு வேண்டாங்கண்ணா” என்றாள். “நாங்க பாத்துக்கறோம்.”

கோபமாகச் சொல்லவில்லை. நான் எப்படி இல்லை என்று சொன்னேனோ அதே மரியாதையோடு சொன்னாள். போனை வைத்துவிட்டாள்.

அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்ல வேண்டிய தேவை இல்லை, பாதி அவருக்கே கேட்டிருக்கும். தலையை ஆட்டினார். ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் பத்து மணிக்கு வந்தவர் உட்காரவில்லை.

“இந்தக் கடை நோட்டு இனி ஆராய்ச்சில சேராதுங்க” என்றார். “இன்னையோட நிறுத்திக்கறேன்.”

“ஏனுங்க? நீங்க வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலீங்களே.”

“சாவியை வெச்சனுங்க. அது சொன்ன மாதிரித்தான்.”

மூன்று மாத உழைப்பு. வெயிலில் வந்து, காசு கொடுத்து டீ குடித்து, பென்சில் தேயத் தேய எழுதியது. நான் பதறினேன். “அந்தப் புள்ளைக்கு நல்லதுதானுங்களே நடந்துது?”

“நல்லது நடக்கோணும்னுதான் வெச்சனுங்க. அதனாலதான் சேராதுங்கறேன்.” வாசல் பக்கம் திரும்பினார். “வெக்கறதா இருந்தா அவுங்க இங்க இருக்கறப்பவே வெச்சிருக்கோணும். அவுங்க போற வரைக்கும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பழக்கமுங்க.”

அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும். கண் லேசாகச் சிவந்திருந்தது. அவரைக் கல் நெஞ்சு என்று நினைத்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதும் சரிதான். அன்றைக்கு அந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். மாடி காலி என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்றார். உள்ளே போனார். என் அம்மா கொடுத்த முறுக்கை வாங்கிச் சாப்பிட்டார். இனி அவர் எங்களை ஆராயவில்லை அல்லவா? சந்து முனையில் திரும்பிப் போனவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அந்த ஆராய்ச்சி புத்தகமாக வந்ததா, அதில் கடை மூன்று இல்லாமல் ஒன்று, இரண்டு, நான்கு என்று போகிறதா, தெரியவில்லை.

அந்தப் பெண்ணை ஒருமுறை பஸ் நிலையத்தில் பார்த்தேன். கழுத்தில் அந்தப் பழைய கல்லூரியின் அடையாள அட்டை தொங்கியது. என்னைப் பார்த்ததும் நின்று, “நல்லா இருக்கறீங்களாண்ணா?” என்று கேட்டாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவள் பஸ் வந்துவிட்டது.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. மாடியில் இப்போது பழைய மிஷினும் காலி டோனர் பெட்டிகளும் கிடக்கின்றன. வாடகை வீணாகப் போகிறது என்று என் மனைவி வாரம் ஒருமுறை சொல்கிறாள். அவள் சொல்வது சரிதான். ‘வீடு வாடகைக்கு’ என்று ஒரு அட்டை அடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்தச் சந்தில் தொங்குகிற அட்டை எல்லாமே நான் அடித்ததுதான். ஆனால் என் வாசலில் மாட்டினால் யாராவது வந்து கேட்பார்கள். ‘ஆமாங்க’வுக்குப் பிறகு என் வாயில் என்ன வரும் என்று எனக்கே பயம்.